கால் கிலோ பொய்

எனக்கு வரும் வாசகர் கடிதங்கள் மூன்று வகை. பாராட்டுகிறவை, திட்டுகிறவை, எழுத்துப்பிழை காட்டுகிறவை. மூன்றையும் படித்துவிட்டு நான் பாட்டுக்கு இருந்துவிடுவேன். போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை நாலாவது வகை ஒன்று வந்தது... ஆளைக் கூப்பிடுகிற கடிதம்.

அஞ்சலட்டை. பத்திரிகை ஆபீசுக்குப் போய், அங்கே யாரோ அதன் மேல் டீ கிளாஸ் வைத்து, அப்புறம் செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்திருந்தது. டீ வட்டத்தைத் தாண்டிப் படித்தேன்.

"ஐயா, தாங்கள் தூண்டில் பற்றி எழுதியதைப் படித்துப் பன்னிரண்டு ஸ்பூன் வாங்கினேன். பன்னிரண்டிலும் மீன் இல்லை. கடையில் என் மரியாதை போகிறது. ஞாயிறு காலை நேரில் வந்து ஒரு மீன் பிடித்துக் காட்டவும். நாஷ்டா நம் வீட்டில். இப்படிக்கு, காசிம், கயிறு - தூண்டில் கடை, புதுப்பட்டினம்."

நாஷ்டா என்ற வார்த்தை இல்லாவிட்டால் இதை மிரட்டல் கடிதம் என்றே எடுத்துக்கொண்டிருப்பேன்.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் மீன்பிடிப்பது பற்றி எழுதினேன். அந்த வாரம் எழுத வேறு எதுவும் கிடைக்கவில்லை. வாராவாரம் எழுதுகிறவனுக்கு அது மாதம் நாலு தடவை வருகிற வியாதி. செங்கல்பட்டு ஸ்டேஷன் பெஞ்சில் யாரோ விட்டுப்போன ஒரு இங்கிலீஷ் பத்திரிகை கிடைத்தது. அட்டை இல்லை. உள்ளே எட்டுப் பக்கத்துக்கு மீன்பிடி விஷயம். புழு வேண்டாம், இறால் வேண்டாம். தகடு, மரம், இறகு, ரப்பர் இவற்றில் செய்த போலி இரையைக் காட்டி மீனை எப்படி ஏமாற்றுவது என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். தெளிந்த தண்ணீருக்கு எது, கலங்கல் தண்ணீருக்கு எது என்று அட்டவணை வேறு.

அதைத் தமிழில் எழுதினேன். அந்தப் போலி இரைக்கு 'பொய் இரை' என்று நானே ஒரு பெயரும் வைத்தேன். நல்ல பெயர் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஆசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, "இது அனுபவப் பத்தியாச்சே... அனுபவம் எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மூன்று இடத்தில் 'என் அனுபவத்தில்' என்று சேர்த்துக் கொடுத்தேன். அவரும் திருப்தியாக அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

உண்மையில் என் அனுபவம் என்ன? கல்யாணத்துக்கு முன் கொளவாய் ஏரியில் மண்புழு கோத்துப் பிடித்த இரண்டு கெண்டை. அதிலும் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருடைய தூண்டிலில் மாட்டியது.

அந்தக் கட்டுரையில் ஒரு வரி வரும். 'என் அனுபவத்தில், கொடுவா மீனுக்கு ஸ்பூனே போதும்.' ஸ்பூன் என்பது தகட்டில் செய்த ஒரு பொய் இரையின் பெயர். தண்ணீருக்குள் இழுத்தால் சின்ன மீன் புரளுகிற மாதிரி பளிச் பளிச்சென்று மின்னும். இதை நான் விளக்கவில்லை. இடம் போதவில்லை. 'என் அனுபவத்தில்' மூன்று தடவை சேர்த்ததில் போய்விட்டது.

என் மனைவி கோமதி அஞ்சலட்டையைப் படித்தாள்.

"போகப் போறீங்களா?"

"வாசகர் கூப்பிட்டிருக்கார்."

"ஸ்பூன்ல மீன் குழம்பு ஊத்திப் பார்த்திருக்கேன். மீன் பிடிச்சுப் பார்த்ததில்லை. நீங்க பார்த்திருக்கீங்களா?"

நான் பேப்பர் படிக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பொழுது புலர்ந்தது. பையில் அந்த இங்கிலீஷ் பத்திரிகையை வைத்திருந்தேன். பரீட்சைக்குப் போகிறவன் வழியெல்லாம் புரட்டுவானே, அப்படிப் புரட்டிக்கொண்டே போனேன்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் ஒரு அட்டை தொங்கியது. சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், 'இங்கு பொய் இரை கிடைக்கும்'. எழுதியவர் 'பொய்'யைப் பெரிதாக ஆரம்பித்துவிட்டு, இடம் பற்றாமல் 'இரை'யைக் கடுகளவு செய்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் 'இங்கு பொய் கிடைக்கும்' என்றுதான் தெரியும்.

அட்டையின் கீழே ஒரு மீன்காரம்மா கூடையோடு நின்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் தனம் என்று அப்புறம் தெரிந்தது.

"பாய்! கால் கிலோ பொய்யி குடு பாய். வூட்டுக்காரருக்கு ஸ்டாக்கு தீந்து பூட்ச்சாம்!"

உள்ளே இருந்து ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். கட்டம்போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். அவர்தான் காசிம் பாய்.

"தெனமும் இத்தே பேஜாரு சார்," என்றார் என்னிடம், நான் யாரென்று கேட்காமலே. "நீங்கதான? போட்டோவுல கொஞ்சம் மெலிசா கீறீங்க."

கடையின் வலது பக்கம் முழுக்கக் கயிறும் அரிக்கேன் விளக்கும். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் காசிம் பாயின் அண்ணன். ஊரில் அவருக்குப் பெரிய பாய் என்றே பெயர். இடது பக்கம் ஒரே ஒரு ஷெல்ப். அதில் தூண்டில் முள், தங்கூஸ் நரம்பு என்கிற நைலான் இழை, ஈயக்குண்டு. அதுதான் காசிம் பாயின் ராஜ்ஜியம். பதினெட்டு வயதில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. எந்த முள் எந்த மீனின் வாய்க்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாராம்.

பெரிய பாய் என்னை மரியாதையாக உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் ஜனம் தூண்டிலா கேக்குது? சோப்பு கேக்குது, பவுடரு கேக்குது. அந்த ஷெல்ப காலி பண்ணிக் குடுறான்னு ஒரு வருசமா சொல்லிகினு கீறேன். இவன் இன்னாடான்னா, பொஸ்தகத்த பட்ச்சிட்டு பொய்யி விக்கிறான். எங்க அத்தா காலத்துலேர்ந்து இந்தக் கடையில பொய் வித்ததில்ல சார்."

"அண்ணே, அது மீனுக்குச் சொல்ற பொய்யிண்ணே," என்றார் காசிம் பாய்.

"யாருக்குச் சொன்னா இன்னா? பொய்யி பொய்தான்."

அந்தப் பெயரை வைத்தவன் அங்கேதான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பெரிய பாய் தீர்ப்புச் சொன்னார். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள், அதாவது மதியத்துக்குள், அந்தப் பொய் இரையில் ஒரே ஒரு மீன் வர வேண்டும். வந்தால் அட்டையும் ஷெல்பும் இருக்கும். வராவிட்டால் இரண்டும் போகும். திங்கட்கிழமை காலையில் அங்கே சோப்பு அடுக்கப்படும்.

காசிம் பாய் ஷெல்பைத் துணியால் ஒரு தடவை துடைத்தார். துடைக்க அதில் தூசி ஏதும் இல்லை.

அப்புறம் ஸ்பூன்களைக் கொண்டுவந்து காட்டினார்.

பன்னிரண்டும் சாப்பிடுகிற ஸ்பூன். எவர்சில்வர். கைப்பிடியில் பூ வேலை. நுனியில் ஓட்டை போட்டு நரம்பு கட்டி, மறு முனையில் முள்ளைக் கட்டியிருந்தார். மீன் வந்து உட்கார்ந்து அதில் எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி.

"செங்கல்பட்டு பாத்திரக்கடையில வாங்கினேன் சார். நல்ல கனம்."

ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். குழிவின் முதுகில் புள்ளி புள்ளியாக எழுத்து. 'அன்பளிப்பு - காசிம்'.

"இது என்ன பாய்?"

அவருக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது. "பன்னெண்டு ஸ்பூன்னு கேட்டேன். பேரு கேட்டான், சொன்னேன். நாஷ்டா துன்னுட்டு வரதுக்குள்ள பன்னெண்டுலயும் வெட்டி வச்சிட்டான். கல்யாணத்துக்குன்னு நென்சிகினான். கைப்பிடியில பூவு கீதுன்னு முதுகுல வெட்டிட்டான். ஓசிதான் சார்."

நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வெளியே வர முடியுமா? கேட்டால் பாத்திரக்காரர் கோபித்துக்கொள்வார். ஆனால் தூண்டிலில் 'அன்பளிப்பு' என்று வெட்டி மீனுக்கு அனுப்பியது உலகத்திலேயே காசிம் பாய் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

பையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் படத்தைக் காட்டினேன். கைப்பிடி கிடையாது. குழிவு மட்டும்தான். இரண்டு நுனியிலும் ஓட்டை. சின்ன முனையில் நரம்பு, அகலமான முனையில் முள். காசிம் பாய் படத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார்.

பக்கத்து சைக்கிள் கடையில் இரண்டு ஸ்பூனுக்குக் கைப்பிடி அறுத்தோம். அரம் போட்டு விளிம்பைத் தேய்த்து, ஓட்டை போட்டு, சாவி வளையத்தில் முள்ளை மாட்டினோம். முள்ளைக் காசிம் பாயே பொறுக்கி எடுத்தார். "கொடுவா வாயி ஓரம் காயிதம் மாரி. சின்ன முள்ளு பிச்சிகினு வந்துரும்," என்றார். அந்த எட்டுப் பக்கத்தில் இது இல்லை.

ஆப்பமும் பாயாவும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சதுரங்கப்பட்டினத்துப் பக்கம், உப்பங்கழி கடலோடு சேருகிற முகத்துவாரம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பழைய கல்தூண் ஒன்று பாதி மூழ்கி நின்றது. தனத்தின் வீட்டுக்காரர் தூரத்தில் வலை வீசிக்கொண்டிருந்தார். தனம் கரையில் குந்தி உட்கார்ந்து எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் கொஞ்சம் தாமதமாகத்தான் நடந்தது.

நான் கட்டுரையில் எழுதிய நாலு வகையையும் காசிம் பாய் தயாராக வைத்திருந்தார். வரிசையாகப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் மர மீன். கல்பாக்கம் தச்சர் ஒருவர் செதுக்கி, சிவப்புக் கண் வைத்துக் கொடுத்தது. அழகாக மிதந்தது. தண்ணீருக்குக் கீழே யாரும் அதைக் கவனிக்கவில்லை. மேலேயிருந்து ஒரு காக்கா வந்து இரண்டு தடவை கொத்திப் பார்த்தது. பறவைகளிடம் அதற்கு நல்ல வரவேற்பு என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்து இறகு. வெள்ளைச் சேவலின் வால் இறகை முள்ளோடு சேர்த்துக் கட்டி, தலையில் ஈயம். நான் சுற்றி வீசினேன். அது முன்னால் போகவில்லை. முதுகில் சுருக்கென்றது.

"மாட்டிச்சி! மாட்டிச்சி!" என்று தனம் கைதட்டினார்.

அன்று காலையில் பொய் இரையில் முதலில் மாட்டியது நான்தான். காசிம் பாய் சட்டையிலிருந்து முள்ளை நிதானமாகக் கழற்றினார்.

மூன்றாவது ரப்பர் புழு. சைக்கிள் ட்யூபை நீளமாக நறுக்கியது. கலங்கல் தண்ணீரில் அடியோடு மெல்ல இழுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். இழுத்தோம். ஏதோ பிடித்தது. எடுத்துப் பார்த்தால் பாதி ட்யூப் இல்லை. வெட்டு கத்தரித்த மாதிரி இருந்தது.

"நண்டு," என்றார் காசிம் பாய்.

"இன்னா பாய், நண்டுக்கு பஞ்சர் ஒட்டப் போறியா?" என்றார் தனம். பத்து மணி ஆனதும் அவரே எழுந்தார். கூடையிலிருந்து ஒரு பிடி இறாலை எடுத்து நீட்டினார். "இந்தா. முள்ளுல ஒண்ணு சொருவு. யாரு பாக்கப் போறா? ஒங்க அண்ணாத்த இன்னா தண்ணிக்குள்ளயா குந்திகினு கீறாரு?"

காசிம் பாய் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தனம் இறாலைத் திரும்பக் கூடையில் போட்டுக்கொண்டு, தெருப் பக்கம் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது ஸ்பூன்.

ரீல் கிடையாது. நரம்பைப் பால்பவுடர் டப்பாவில் சுற்றியிருந்தார். தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி விட்டால், ஸ்பூன் முப்பது நாற்பது அடி போய் விழுந்தது. அதைக் கையால் இழுக்க வேண்டும். ஒரே சீராக இழுத்தால் அது தகடு. இழுத்து, நிறுத்தி, கொஞ்சம் விழவிட்டு, திரும்ப இழுத்தால்... அடிபட்ட மீன் நொண்டிக்கொண்டு போகிற மாதிரி. இதையும் பத்திரிகையைப் பார்த்துத்தான் சொன்னேன். காசிம் பாய் நாலு தடவையில் பிடித்துக்கொண்டார். எனக்கு அது கடைசி வரை தகடாகவே வந்தது.

மணி பன்னிரண்டை நெருங்கியது. மீன் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போது அவர் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"சார், நீங்க புடிச்ச கொடுவா... எந்தப் பக்கமா இழுத்திச்சி?"

சாதாரணமாகத்தான் கேட்டார். மணலைப் பார்த்தேன். மணலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பாய்... நான் பிடிச்சதில்லை. ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. பத்திரிகையைப் பார்த்து எழுதினேன்."

அவர் ஸ்பூனை முழுக்க இழுத்து, ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டுவிட்டு, திரும்ப வீசினார்.

"தெரியும் சார்."

"எப்படி?"

"புடிச்சவன் எடைய சொல்லாம வுடமாட்டான். ஒரு வாட்டிக்கு ரெண்டு வாட்டி சொல்லுவான். நீங்க எடையே எழுதல."

"தெரிஞ்சே ஏன் கூப்பிட்டீங்க?"

"பொய்யா இருந்தா ஆளு வராதுன்னு பாத்தேன். நீங்க வந்துட்டீங்க. எனக்கே கொயப்பமாப் பூட்ச்சி."

எனக்கு அவமானமாக இருந்தது. இதில் வேடிக்கை எதுவும் இல்லை. ஒரு மனிதர் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிற இடம், நான் இடத்தை நிரப்பப் போட்ட ஒரு வார்த்தையால் போகப் போகிறது. எனக்குப் பக்கம் நிரம்பியது. அவருக்கு ஷெல்ப் காலி.

கல்தூணை ஒட்டி ஸ்பூன் விழுந்தது. இழுத்தார், நிறுத்தினார், விழவிட்டார். திரும்ப இழுக்கப் போனார்... நரம்பு வரவில்லை. கல்லில் மாட்டிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த நொடி கல் நகர்ந்தது.

"சார்!"

டப்பா அவர் கையிலிருந்து துள்ளி விழுந்து மணலில் உருண்டது. நரம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தண்ணீர் உடைந்து ஒரு கொடுவா முழுசாக மேலே வந்தது. வாய் திறந்திருந்தது. தலையை இப்படியும் அப்படியும் உதறியது. வாயோரத்தில் வெயில் பட்டு ஒன்று மின்னியது. எவர்சில்வர்! நான் சத்தியமாகப் பார்த்தேன்.

கீழே விழுந்தது. நரம்பு ஒரு சத்தம் போட்டு அறுந்தது. அவ்வளவுதான். காசிம் பாயின் உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு. தண்ணீரில் ஒரு சுழல்... அதுவும் அடங்கிவிட்டது.

தனம் இல்லை. அவர் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஊர்ப் பக்கமிருந்து பாங்குச் சத்தம் மெல்லக் கேட்டது.

திரும்பி நடந்தோம். என் மூளை அதன் பழக்கப்படி வேலை செய்தது.

"பாய், மார்க்கெட்ல ஒரு கொடுவா வாங்கிடலாம். மிச்சம் இருக்கிற ஸ்பூனை வாயில மாட்டிக் கொண்டு போவோம். நடந்தது நடந்ததுதானே? மீன் மாட்டினது நிஜம். வேற மீனாக் காட்டினா என்ன?"

அவர் நின்றார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இரை பொய்யா இருக்கலாம் சார். மீனு நெசமா இருக்கணும்."

கடைக்கு வந்தோம். பெரிய பாய் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் கைகளைப் பார்த்தார்.

"மாட்டிச்சிண்ணே. பெருசு. அறுத்துகினு பூட்ச்சி," என்றார் காசிம் பாய்.

"போன மீனுக்கு நான் இன்னா சாட்சியா?" பெரிய பாய் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேன். கண்ணால் பார்த்தேன்," என்றேன். இத்தனை உறுதியாக வாழ்க்கையில் நான் எதையும் சொன்னதில்லை.

"செரி சார்." கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "முன்னாடி பொஸ்தகத்துல எழுதினீங்களே... அதுவும் கண்ணால பாத்ததா?"

மரியாதையாகத்தான் கேட்டார். காசிம் பாய் எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரிய பாய் எழுந்து போய் அட்டையைக் கழற்றினார். கிழிக்கவில்லை. சுவரோரம் எழுத்து உள்பக்கமாகச் சாய்த்து வைத்தார். "சாப்ட்டுட்டுத்தான் போவணும் சார்," என்றார். மீன் குழம்பு. கொடுவாதான். வலையில் வந்தது என்று சொன்னார்கள். யாரும் கேட்காமலே சொன்னார்கள்.

சாயங்கால பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். ஊரெல்லாம் நம்பிய நாளில் பொய் சொன்னேன். நிஜம் சொன்ன நாளில் ஒரே ஒருவர் நம்பினால் போதும் என்றிருந்தது. அந்த ஒருவர் நம்பவில்லை. அவர் மேல் தப்புச் சொல்ல முடியுமா?

"மீன் எங்கே?" என்று கோமதி கேட்டாள்.

"போயிடுச்சு."

"ஓஹோ," என்றாள். அந்த ஓஹோவில் பெரிய பாயின் குரல் கேட்டது.

நேற்று ஒரு பார்சலும் ஒரு அஞ்சலட்டையும் வந்தன. அட்டையை அப்படியே தருகிறேன். ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை.

"ஐயா, நலம். செவ்வாய்க்கிழமை காலை தனம் கடைக்கு வந்து, 'பாய், உன் பேரு என் மீனு வாயில கீது' என்று சத்தம் போட்டாள். அவள் வீட்டுக்காரர் வலையில் கொடுவா. வாயில் ஸ்பூன். ஸ்பூனில் 'அன்பளிப்பு - காசிம்'. அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். தெருவே வந்து படித்தது. திங்கட்கிழமை சோப்புப் பெட்டி வர லாரி தாமதம் ஆனதால் ஷெல்ப் காலியாகத்தான் இருந்தது. என் சாமான்களை அண்ணனே எடுத்து அடுக்கினார். ஈயக்குண்டை மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டார், பரவாயில்லை. மீன் எடை ஆறேகால் கிலோ. ஆறேகால். இப்படிக்கு, காசிம்."

மீன் வயிற்றில் மோதிரம் கிடைத்தால் புராணம். மீன் வாயில் சாப்பிடுகிற ஸ்பூன் கிடைத்தால்? புதுப்பட்டினத்தில் அது வியாபாரம். அஞ்சலட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. பெரிய பாய் அட்டையைத் திரும்ப மாட்டச் சம்மதித்துவிட்டார், ஆனால் 'பொய்' என்ற வார்த்தை கூடாதாம். அதனால் இப்போது கடை வாசலில் 'மீனுக்கு அன்பளிப்பு இங்கே கிடைக்கும்' என்று தொங்குகிறது.

இரண்டு மாதத்துக்கு முந்தைய அந்த இதழை யாராவது பத்திரப்படுத்தி வைத்திருந்தால் ஒரு வேண்டுகோள். 'என் அனுபவத்தில்' என்று மூன்று இடத்தில் வரும். ஒரு பேனா எடுத்து அடித்துவிடுங்கள். கூடவே, 'கைப்பிடியை அறுக்கவும்' என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பார்சலைப் பிரித்தேன். ஒரு ஸ்பூன், கைப்பிடியோடு. கோமதி அதைக் கழுவி, உப்புமாத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். முதுகில் 'அன்பளிப்பு' என்று தெளிவாக வெட்டியிருக்கிறது.

உப்புமா ஆறிக்கொண்டிருக்கிறது... அதை வாய்க்குக் கொண்டுபோக எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.